வரிசை தவறாத பனித்துளிகள்

மூன்றாவது நாளாகவும் ஏரி லெம்பி கோஸ்கெலாவைத் திருப்பித் தரவில்லை.

தேடும் படகுகளின் இரைச்சல் காலை ஏழு மணிக்கே துறையிலிருந்து கேட்கத் தொடங்கியிருந்தது. ஜூன் மாதம் பிறந்த பிறகும் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் மேல் மூடுபனி விலகவில்லை. சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் ஹில்டா தெர்வோவின் அலுவலகம். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போதெல்லாம் மேசையிலிருந்த காபிக் கோப்பை லேசாக நடுங்கும். இன்று மேசைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் சைமி. காணாமல் போன லெம்பியின் தங்கை. மடியில் ஒரு கேமராப் பை.

"போலீஸ்காரங்க கதையை முடிச்சிட்டாங்க," என்றாள் சைமி. "பாறை விளிம்புல கேமரா ஸ்டாண்டு நின்னுட்டிருந்துச்சாம். எதிர்ப் பாறையில வல்லூறு கூடு. அதைப் படம் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்துட்டாளாம். அந்தத் தண்ணியில கால் மணி நேரம்கூடத் தாங்காது, இனிமே உடம்பைத்தான் தேடறோம்னு என் முகத்துக்கு நேராவே சொன்னாங்க."

"நீங்க நம்பலை," என்றாள் ஹில்டா.

"எப்படி நம்புறது? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவ பையன் பனி ஸ்கூட்டரோட அந்த ஏரியிலதான் போனான். ஐஸ் உடைஞ்சு. அன்னையிலேருந்து ஏரியைப் பார்த்த ஜன்னல் எல்லாத்துக்கும் திரை போட்டுட்டா. துறைக்கு மீன் வாங்கக்கூட வர மாட்டா. அவ போய் ஏரி விளிம்புல நின்னு, பறவையைப் படம் பிடிச்சாளா?"

ஹில்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக எரிந்த வீடுகளையும் நொறுங்கிய கார்களையும் படம் எடுத்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது அவளுக்குப் பிடிக்காது. அதற்கென்றே மார்செலை வைத்திருந்தாள்.

மார்செலுக்கு நாற்பத்தைந்து. ரிப்பேரான வண்டிகளை இழுத்துப்போகும் லாரியைப் பத்து வருடம் ஓட்டியவன். எத்தனையோ இஞ்சின்கள் அவன் கண் முன்னால் நின்றுபோயிருக்கின்றன. அவன் வாய் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

"கேமராவைக் காட்டுங்க," என்று கை நீட்டினான். "ஷெரீஃப் ஆட்கள் எப்படிக் கொடுத்தாங்க?"

"நேத்து ரெய்னோகிட்ட கொடுத்தாங்க. எங்கக்கா புருஷன். நான் அவர்கிட்டேருந்து பிடுங்கிட்டு வந்தேன். அவர் வேணாம்னுதான் சொன்னார். 'போனவளை நிம்மதியா விடு சைமி'ன்னார்."

கேமரா புதியது, சிறிய ஜப்பானியக் கறுப்பு உடம்பு. அதன் முன்னால் நீண்டிருந்த லென்ஸோ வெள்ளி நிறம் தேய்ந்துபோன, அறுபது வயதுக் கிழம். இரண்டுக்கும் நடுவில் ஒட்டவைக்கும் ஒரு வளையம்.

"உடம்பு புதுசு, கண்ணு பழசு," என்றான் மார்செல். "எங்க மாமாவுக்கு நேர் எதிர். ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குக் கண்ணு மட்டும்தான் புதுசு."

"அக்கா அப்படித்தான்," என்றாள் சைமி. "பையன் போன பிறகுதான் கேமராவைக் கையில எடுத்தா. பழைய ஜெர்மன் லென்ஸா தேடித் தேடி வாங்குவா. கையால திருப்பி ஃபோகஸ் பண்றப்ப வேற எதுவும் மனசுல ஓடாதுன்னு சொல்லுவா. ஒரு பாசிக்கு முன்னால முக்கால் மணி நேரம் உக்காந்திருப்பா."

ஹில்டா லென்ஸைக் கழற்றிப் பார்க்கத் திருகினாள். அசையவில்லை. இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். அசையவில்லை.

"கொடுங்க பாஸ்." மார்செல் சன்னலோரம் கிடந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு திருகினான். முகம் சிவந்தது. கடைசியில் மரை ஒரு முனகலோடு விட்டுக் கொடுத்தது. "யப்பா! ஊறுகாய் பாட்டில்கூட இவ்வளவு முரண்டு பண்ணாது. மரை கழண்ட கேஸ் நிறையப் பார்த்திருக்கேன். மரை கழலவே கழலாத கேஸ் இதுதான் முதல்."

ஹில்டா சிரிக்கவில்லை. "சைமி, உங்கக்கா கை எப்படி?"

"மணிக்கட்டு ரெண்டும் வாதம். ஜாம் பாட்டிலை என்கிட்டதான் நீட்டுவா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று சைமிக்கு உறைத்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள் ஹில்டா. "இதை முடுக்கினது வேற கை."

கேமராவை உயிர்ப்பித்து, பின்னால் இருந்த சிறு திரையில் எதையோ தேடினாள். "இன்னைக்கு வர்ற லென்ஸெல்லாம் கேமராவோட பேசும். நான் இன்ன லென்ஸ், இவ்வளவு நீளம்னு தானாச் சொல்லும். இது ஊமை. மாட்டுறவங்கதான் ஒவ்வொரு தடவையும் நம்பரைக் கேமராவுக்குள்ள எழுதணும். அப்பதான் கை நடுக்கத்தைக் கேமரா சரியா சமாளிக்கும். லென்ஸ் மேல என்ன நம்பர், மார்செல்?"

"நூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர்."

"கேமராவுக்குள்ள எழுதியிருக்கறது ஐம்பத்தஞ்சு."

"மாட்டின அவசரத்துல எழுத மறந்திருக்கலாம்ல?"

ஹில்டா கேமராவிலிருந்த நினைவக அட்டையை உருவிக் கணினியில் செருகினாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்கள். விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போனாள். காளான், பாசி, மரப்பட்டையில் ஊரும் எறும்பு, எட்டத்தில் ஒரு மான்.

"நூத்தி முப்பத்தஞ்சுன்னு பதிவாகியிருக்கிற எல்லாமே எட்டத்துப் படம். ஐம்பத்தஞ்சு எல்லாமே கிட்டத்துப் படம். தொள்ளாயிரத்துல ஒரு தடவைகூடப் பிசகலை. பல் தேய்க்கிற மாதிரி பழகிப்போன விஷயம், காணாமப் போன செவ்வாய்க்கிழமை மட்டும் மறந்துபோச்சா?" கழற்றிய லென்ஸை மார்செலிடம் நீட்டினாள். "ஃபோகஸ் வளையம் எதுல நிக்குது?"

"ஆறு அடியில."

"வல்லூறு கூடு?"

"குறைஞ்சது ஐந்நூறு அடி." மார்செல் விசிலடித்தான். "இப்படி வச்சா வல்லூறு தெரியாது. பக்கத்துல வந்து மூக்கைக் கொத்தினாத்தான் தெரியும்."

"கையால திருப்புற வளையம். விட்ட இடத்துலயே நிக்கும். பையில கிடந்த லென்ஸை எடுத்து யாரோ அப்படியே மாட்டியிருக்காங்க. சரி, அந்த ஐம்பத்தஞ்சு எங்க?"

சைமி பையைக் கவிழ்த்தாள். துடைக்கும் துணி, கறுப்பு ஈக்களை விரட்டும் தைலம், பாதி தின்ற ஏலக்காய் ரொட்டி. லென்ஸ் வைக்கும் சிறு உறை ஒன்று காலியாக விழுந்தது.

*

கடைசிப் படத்தில் பதிவாகியிருந்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டு.

ஹில்டா அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். சிவந்த தண்டு, சுருக்கம் விரியாத பெரிய இலை, இலையின் ஓரத்தில் கோர்த்த பனித்துளிகள். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த படம். பின்னணி முழுக்க வட்ட வட்டமான ஒளிக் குமிழிகள், யாரோ சோப்பு நுரையை ஊதிவிட்டது போல.

"அக்கா அந்தக் குமிழிக்காகத்தான் பழைய லென்ஸ் வாங்குவா," என்றாள் சைமி. "பின்னால ஒரு துளி வெளிச்சம் இருந்தாப் போதும், அதை உருட்டி உருட்டிப் பெருசாக்கிடும்."

மார்செல் திரைக்கு மிக அருகில் குனிந்தான். "பாஸ், இது காட்டுச்செடி இல்லை. ருபார்ப்! புளிப்புத் தண்டு. சர்க்கரை போட்டு அடுப்புல ஏத்தினா எங்கம்மா வீட்டு ஞாயித்துக்கிழமை."

"காட்டுல தானா முளைக்குமா?"

"எங்க முளைக்கும்? யாராவது நடணும். சமையல்கட்டுக்குப் பின்னால நடுவாங்க. நட்டவங்க செத்து, வீடு இடிஞ்சு, கூரை மண்ணாப் போனாலும் ருபார்ப் மட்டும் வருஷா வருஷம் வந்து நிக்கும்."

"அப்ப அங்க ஒரு காலத்துல வீடு இருந்திருக்கு." ஹில்டா பென்சில் முனையால் குமிழிகளைத் தொட்டாள். "இப்ப இதைப் பாரு. எண்ணு."

"மேலேருந்து கீழ ஒன்பது. குறுக்கே..." மார்செல் நிறுத்தினான். மறுபடி எண்ணினான். "பதினாலு. அடுத்த வரிசையும் பதினாலு. நடுவுல உள்ள இடைவெளிகூட ஒண்ணு போல இருக்கு."

"இலையில பனித்துளி நினைச்ச இடத்துல தொங்கும். மரத்துக்கு எண்ணத் தெரியாது. இங்க துளிங்க அணிவகுப்பு மாதிரி நிக்குது. அப்படின்னா அது தொங்குறது..."

"கம்பி வலையில," என்றான் மார்செல்.

சைமி நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள்.

"சுரங்கம்," என்றாள் சைமி. "நாலாம் நம்பர் சுரங்கம். அங்கதான் தொழிலாளிங்க வீட்டு வரிசை இருந்துது. செம்பு எடுத்து முடிச்சதும் எல்லாரும் போயிட்டாங்க. வாய்க்கு மேல கூண்டு மாதிரி கம்பி வலை அடிச்சு விட்டிருக்காங்க. அக்கா வீட்டுலேருந்து நடந்தா இருபது நிமிஷம்." அவள் எழுந்துவிட்டாள். "ஆனா அந்தப் பாறை எதிர்த் திசையில இருக்கே! நாம எல்லாரும் மூணு நாளா எதிர்த் திசையில..."

"சைமி, இங்க பாருங்க." ஹில்டா அவள் தோளைப் பிடித்தாள். "நீங்க துறைக்குப் போங்க. கயிறு கட்டி இறங்குற மீட்பு ஆட்கள் அங்கதான் இருக்காங்க. நாலாம் நம்பருக்குக் கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டேன்னு சொன்னா?"

"கத்துங்க," என்றான் மார்செல். "அழுங்க. ஒருத்தன் தொப்பியைப் பிடுங்கிட்டு ஓடி வாங்க. தொப்பிக்காகவாவது வருவான்."

*

மார்செல் வண்டியை ஓட்டினான். ஹில்டா கைபேசியில் ரெய்னோ கோஸ்கெலாவை அழைத்தாள். ரெய்னோவுக்குப் போர்வெல் போடும் தொழில். பின்னணியில் கம்ப்ரெசர் உறுமிக்கொண்டிருந்தது. மனைவியைத் தொலைத்த மூன்றாம் நாளும் வேலைக்கு வந்திருந்தார்.

"ரெய்னோ, ஒரே ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமை லெம்பி எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போனாங்க?"

"அந்த நீளமானது. எப்பவும் அதான்."

"எப்பவுமா?"

"முப்பத்திநாலு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தொள்ளாயிரம் படத்துல நாப்பதுதான் அந்த லென்ஸ்ல எடுத்தது, ரெய்னோ." ஹில்டா ஒரு கணம் காத்திருந்தாள். "நாலாம் நம்பர் பக்கம் படம் எடுக்கப் போவாங்களா? ருபார்ப் முளைச்சிருக்கிற இடத்துல?"

கம்ப்ரெசர் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"சிக்னல் போச்சா?" என்றான் மார்செல்.

"சிக்னல் இருக்கு. ஆள்தான் போயிட்டார். வேகமாப் போ."

"அந்த லென்ஸை முடுக்கின கை..."

"தினமும் இரும்புக் குழாய் முடுக்குற கை. வண்டியில என்ன இருக்கு?"

"கடப்பாறை இருக்கு. நேத்து வாங்கின, கறி அடைச்ச பேஸ்ட்டி ஒண்ணு இருக்கு. ஆளைப் பார்த்துட்டு எதை நீட்டுறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்."

சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. வண்டி தார் சாலையை விட்டு மண் பாதையில் குதித்து ஏறியது.

பாதை முடிந்த இடத்தில் இறங்கி ஓடினார்கள். இடிந்த வீடுகளின் அடித்தளக் குழிகளில் பாப்லர் மரங்கள் வளர்ந்திருந்தன. காட்டு ஆப்பிள் ஒன்று பூத்திருந்தது. கறுப்பு ஈக்கள் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் மொய்த்தன. ருபார்ப் புதர் இடுப்பளவு விரிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் ஆறு கஜத்தில், துருப்பிடித்த கம்பி வலை.

வலை எங்கும் அறுபடவில்லை. ஆனால் அதன் அடியில், மண் ஓரமாக, நான்கு பழைய பலகைகள் பரப்பியிருந்தன. பலகைகள் மேல் வெட்டிப் போட்ட கிளைகள்.

ஹில்டா ஒரு கிளையை எடுத்தாள். "இலை வாடியிருக்கு. இன்னும் காயலை. மூணு நாள்."

மார்செல் புல்லில் மண்டியிட்டு எதையோ பொறுக்கினான். உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நகக்கண் அளவுக் கண்ணாடிச் சில்லு. வெயிலில் ஊதா நிறம் மின்னியது. "வளைஞ்சிருக்கு பாஸ். ஜன்னல் கண்ணாடி இல்லை."

பின்னால் வண்டிக் கதவு அறையும் ஓசை கேட்டது.

ரெய்னோ கோஸ்கெலா தொப்பி இல்லாமல் நடந்து வந்தார். பெரிய உருவம். சேறு படிந்த வேலை உடுப்பு. முகம் முழுக்க ஈ மொய்த்தது. அவர் கையைத் தூக்கி ஓட்டவில்லை. மார்செல் கடப்பாறையை மாற்றிப் பிடித்தான்.

"லென்ஸ் எங்க, ரெய்னோ?" என்றாள் ஹில்டா.

அவர் மார்புப் பையிலிருந்து அதை எடுத்தார். முகப்புக் கண்ணாடி நொறுங்கி, வளையம் நசுங்கிப்போன சின்ன லென்ஸ். மூன்று நாளாக அதை அங்கேயே வைத்திருந்தார் போலும்; துணியில் அதன் வட்டம் பதிந்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றார். "அவ தானாத்தான்..."

ஹில்டா காத்திருந்தாள். மார்செலும், வாழ்க்கையில் முதல் தடவையாக, காத்திருந்தான்.

"அன்னைக்குக் காலையில சண்டை. பையன் ரூமைக் காலி பண்ணலாம்னு சொன்னேன். ரெண்டு வருஷமாச்சே, அவன் ஷூகூட வச்ச இடத்துல அப்படியே இருக்குதேன்னேன். 'என்னையும் சேர்த்துக் காலி பண்ணிடு'ன்னு சொல்லிட்டுக் கேமராவைத் தூக்கிட்டுப் போயிட்டா. மத்தியானம் வரைக்கும் வரலை. தேடிட்டு இங்க வந்தேன். ஸ்டாண்டு அந்தக் கல்லு மேல சாஞ்சு கிடந்துது. கேமரா கவுந்து, கண்ணாடி உடைஞ்சு கிடந்துது. வலைக்கு அடியில மண்ணு சரிஞ்சு ஓட்டை. இந்தப் பக்கம்..." விரலால் காட்டினார். "இந்தப் பக்கம் அவ கோட்டு. மடிச்சு, ஒழுங்கா வச்சிருந்தா. நாலா மடிச்சு. போறவ கோட்டைக் கழட்டி மடிச்சு வச்சிட்டுப் போயிருக்கா."

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு கல்லைப் போட்டேன். நாலரை செகண்டு எண்ணினதும் தண்ணியில விழுந்துது. முந்நூறு அடிக்கு மேல. இருபத்தெட்டு வருஷமா துளைக்குள்ள கல்லைப் போட்டு ஆழம் சொல்றவன் நான். முந்நூறு அடிக்குக் கீழ போனவளை யாரு எடுக்க முடியும்?"

"அதனால கேமராவைப் பாறைக்குக் கொண்டுபோனீங்க."

"ஏரியில வழுக்கி விழுந்தா அது விபத்து." அவர் குரல் இப்போது குழந்தையின் குரல் போல ஆகிவிட்டது. "சர்ச்சுல பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. மண்டையில ஏதோ ஆகித் தானாப் போயிட்டான்னு யாரும் பேச மாட்டாங்க. பையன் இருக்கிற தண்ணியிலதான் அவளும் இருக்கான்னு நானாவது நினைச்சுக்கலாம். உடைஞ்ச லென்ஸோட வச்சாக் கேள்வி வரும்னு, பையில இருந்த இன்னொண்ணை மாட்டினேன்."

ஹில்டா ருபார்ப் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டு எங்க இருந்துது? சரியாக் காட்டுங்க."

"அங்கதான். நீங்க உக்காந்திருக்கிற இடம்."

"நனைஞ்சிருந்துதா?"

"மேல நனையலை. அடியில ஈரம்."

"நடுவுல அமுங்கியிருந்துதா? ரெண்டு இடத்துல?"

ரெய்னோ விழித்தார். "ஆமா. ரெண்டு குழி. ஏன்?"

ஹில்டா எழுந்திருக்க நேரமாயிற்று. இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"மண்டி போட்டு எடுத்த படம் அது, ரெய்னோ. ஈரத் தரை. மூட்டு வலிக்கிற பொம்பளை. முட்டிக்குக் கீழ கோட்டை மடிச்சுப் போட்டுக்கிட்டு ஃபோகஸ் பண்ணிட்டிருந்திருக்காங்க. ஒன்பது பன்னெண்டுக்குப் படம் எடுத்துட்டு, அடுத்ததுக்கு வலை ஓரமா நகர்ந்திருக்காங்க. மண்ணு உள்வாங்கியிருக்கு. உங்க மனைவி குதிக்கலை. விழுந்திருக்காங்க."

ரெய்னோ பலகைகளைத் திரும்பிப் பார்த்தார்.

மார்செல் அதற்குள் கிளைகளை இழுத்தெறிந்துவிட்டு, கடப்பாறையை முதல் பலகையின் அடியில் கொடுத்து நெம்பினான். பலகை புரண்டது. கறுப்பு ஓட்டையிலிருந்து குளிர் காற்று முகத்தில் அடித்தது. இரண்டாவது பலகை. மூன்றாவது.

"சத்தம் போடாதீங்க," என்றான் திடீரென்று.

மூவரும் அசையாமல் நின்றார்கள்.

டக். டக். டக்.

மெல்லியது. இரும்பில் இரும்பு படும் ஓசை. நின்றது. மறுபடி வந்தது.

ஹில்டா மார்செலைப் பார்த்தாள். மார்செல் தலையை ஆட்டினான்.

ஓட்டைக்கு மிக அருகில் நின்றிருந்த ரெய்னோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன? என்ன கேக்குது?"

டக். டக்.

"என்னன்னு சொல்லுங்க! எனக்கு மெல்லிசுச் சத்தமெல்லாம் கேக்காது. மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே மண்ணில் முட்டி போட்டு, ஓட்டைக்குள் தலையை விட்டு, மனைவியின் பெயரை அலறத் தொடங்கினார். மார்செல் அவருடைய இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஹில்டா குப்புறப் படுத்து, கைபேசி விளக்கை உள்ளே நீட்டினாள். நேர் கீழே அடியில்லாத இருட்டு. இடது பக்கம், மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கீழே உள்ளதை மறைத்தபடி பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன் நிழலில், பதினான்கு அடி கீழே, பழைய ஏணிக்கால் நிறுத்தும் மரத்தட்டு ஒன்று பாதி உளுத்துப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றது. சுவரில் ஒரு துருப்பிடித்த குழாய். குழாயின் மேல் ஒரு கை. விரலில் மோதிரம்.

வெளிச்சம் பட்டதும் தட்டுவது நின்றது.

*

மீட்பு ஆட்கள் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முன்னால் ஓடி வந்த சைமியின் கையில் உண்மையாகவே யாருடைய தொப்பியோ இருந்தது. மார்செல் அதைப் பார்த்தான்.

பிறகு கயிறு, கப்பி, கத்தல்கள். மரத்தட்டு முறிந்துவிடுமோ என்று பாறைச் சுவரில் ஆணி அடித்து அடித்து ஒருவர் அங்குலம் அங்குலமாக இறங்கினார். பகல் ஒரு மணி சுமாருக்கு லெம்பியை மேலே கொண்டுவந்தார்கள். இடது கால் தொடைக்குக் கீழே முறிந்திருந்தது. விலா எலும்பும் போயிருக்கலாம் என்றார்கள். உதடு வெடித்து, முகம் சாம்பல் நிறமாக இருந்தது. சுவரில் கசிந்த தண்ணீரை நக்கிக்கொண்டு மூன்று நாள் கிடந்திருக்கிறாள். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, நான்கு கம்பளிகளால் சுற்றினார்கள்.

சைமி அக்காவின் தலைமாட்டில் நின்று அழுதாள். ரெய்னோ கால்மாட்டில் நின்றார். கிட்டே போகலாமா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் இரண்டு அடி வைத்து, கம்பளிக்கு வெளியே தெரிந்த அவள் கையைத் தொட்டார்.

"லெம்பி."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நீ வந்து கூப்பிட்டே," என்றாள். காற்று மாதிரி ஒரு குரல். எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. ரெய்னோ இன்னும் குனிந்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. வாயெல்லாம் மண்ணு. பேச வரலை. மோதிரத்தால குழாயைத் தட்டினேன். தட்டிட்டே இருந்தேன்."

"லெம்பி, எனக்குக் கேக்கலை. சத்தியமா எனக்கு..."

"ஒரு கல்லைப் போட்டே. தோளை உரசிட்டுப் போச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "அப்புறம் பலகையைப் போட்டு மூடினே. ஒவ்வொண்ணா. எதுக்கு மூடுறேன்னு மூணு நாளா யோசிச்சேன்."

ரெய்னோ வாயைத் திறந்தார். சர்ச்சும் ஜெபமும் பையனும் ஏரியும், ஹில்டாவிடம் சொன்ன எதுவும் இப்போது வரவில்லை.

"இப்பச் சொல்லாதே," என்றாள் லெம்பி. "கேக்கத் தெம்பில்லை."

கையை மெல்ல இழுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சைமி ஏறி உட்கார்ந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊழியருக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. பாதை நடுவில் வெறுங்கையோடு நின்றிருந்த பெரிய உருவத்தைப் பார்த்து, "நீங்கதானே புருஷன்? ஏறலையா? இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு," என்றார்.

ரெய்னோ உள்ளே பார்த்தார். லெம்பி கண்ணை மூடியிருந்தாள். சைமி அவரை நேராகப் பார்த்தாள்.

ஊழியர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.